காய்ச்சலுக்கு ஒரு நாட்கணக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கணவர் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய மறுநாள் பின்னேரம் நடுக்கத்தோடு காய்ச்சல், உடம்பு உளைவு, வறட்டு இருமல். இன்றைக்கு மூன்றாம் நாள். நாலு வயது மகளுக்கு நேற்று இரவு தொடங்கிவிட்டது. நீங்கள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மாமிக்குச் சீனி வருத்தமும் தொய்வும் இருக்கிறது. பார்மசியில் கட்டித் தந்த குளிசைகளைக் கணவர் போட்டுக்கொண்டிருக்கிறார். இது ஃப்ளூவா டெங்குவா, அன்டிபயோட்டிக்கைத் தொடரவா விடவா, எனக்கு வராமல் எப்படித் தப்புவது, ஃப்ளூ ஊசி போட்டால் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாதா என்று நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

நான் டொக்டர் இல்லை. திருகோணமலை மாவட்டத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்குக் கிட்ட நின்ற மருந்தாளர். அந்த ஜன்னலால் பார்த்ததையும் படித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன். நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற டொக்டர் சொல்வது இதற்கு மேல்.

மற்றதெல்லாம் பிறகு. முதலில் சுவரில் தொங்குகிற கலண்டரை எடுங்கள். கணவருக்கு எந்த நாள், எத்தனை மணிக்குக் காய்ச்சல் தொடங்கியது என்று எழுதுங்கள். மகளுக்கும் அப்படியே. ஞாயிறு பின்னேரம் 5 மணிக்குத் தொடங்கியிருந்தால் திங்கள் பின்னேரம் 5 மணிக்குத்தான் ஒரு நாள் முடிகிறது. எங்களுடைய ஆட்கள் ஞாயிறை ஒன்று, திங்களை இரண்டு என்று விரல் மடித்து எண்ணிக்கொண்டு வருவார்கள். வார்ட்டில் டொக்டர் மணித்தியாலக் கணக்குக் கேட்கும்போது முழிப்பார்கள். அந்தக் கணக்கை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், மூன்று முக்கியமான முடிவுகள் அதை வைத்துத்தான். ஃப்ளூ மருந்து நல்லாக வேலை செய்வது முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால். டெங்குவை நினைத்து இரத்தம் பார்ப்பது மூன்றாம் நாளில். மாறின காய்ச்சல் திரும்பி வந்தால் அதற்கு அர்த்தமே வேறு. தேதி தெரியாவிட்டால் மூன்றுமே கைநழுவும்.

இனி, இது என்ன காய்ச்சல்? தடிமன் மூக்கரிப்போடு மெல்லத் தொடங்கும். ஆளால் வேலைக்கும் போகலாம். ஃப்ளூக்காரரை விசாரித்தால் நேரத்தையே சொல்லுவார்: "காலமை நல்லாத்தான் இருந்தன், பகல் சாப்பிட்டிட்டு எழும்பேக்க அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடந்தது." 38 பாகைக்கு மேலே காய்ச்சல், தலையிடி, நாரி உளைவு, தொண்டை நோ, வறட்டு இருமல். சிறு பிள்ளைகளுக்குச் சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வரும். காய்ச்சல் மூன்று நாலு நாளில் இறங்கினாலும் இருமலும் அசதியும் இரண்டு கிழமை இழுக்கும். உங்கள் கணவரின் கதை இதற்குப் பொருந்தித்தான் இருக்கிறது.

இன்னொன்றும் அந்தப் பக்கம் சாய்கிறது. கணவருக்குத் தொடங்கி இரண்டு நாளில் மகளுக்கு வந்திருக்கிறது. ஃப்ளூ ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றி வெளியே தெரிய 1 முதல் 4 நாள், பெரும்பாலும் 2 நாள் எடுக்கும். டெங்கு அப்படி ஆளிலிருந்து ஆளுக்கு நேரே தொற்றாது. நுளம்பு ஒருவரைக் கடித்து, அந்த வைரஸ் அதன் உடம்புக்குள் பெருகி, அது அடுத்தவரைக் கடித்துத் தொற்ற வைக்கவே 8 முதல் 12 நாள் வேண்டும். ஆகவே வீட்டில் இரண்டு நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக விழுந்தால் முதலில் ஃப்ளூவையும் கொவிட்டையும் நினைக்க வேண்டும்.

ஆனால் இதை வைத்து டெங்கு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே வளவில் ஒரே நுளம்பு இரண்டு பேரைக் கடிக்கலாம். 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வருஷம் நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரே சட்டம்: திருமலையில் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாளில் எப்.பீ.சி. என்கிற முழு இரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். இருமல் இருக்கிறதா, தடிமன் இருக்கிறதா என்று வாதாடத் தேவையில்லை. முதல் நாலு நாளுக்குள் என்றால் என்.எஸ்.1 என்ற டெங்குப் பரிசோதனையும் உதவும். ஆனால் அது இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று ஆகாது. எப்.பீ.சி.யில் வெள்ளை அணுவும் பிளேட்லட்டும் குறைந்துகொண்டு போகிறதா என்று டொக்டர் பார்ப்பார். ஒரு நாள் எண்ணிக்கையைவிட அது போகிற திசைதான் முக்கியம். அதனால் பழைய றிப்போட்டை எறியாதீர்கள்.

டெங்குவில் நாங்கள் ஏமாறுகிற இடம் காய்ச்சல் இறங்குகிற நேரம். ஃப்ளூவில் காய்ச்சல் விட்டால் ஆள் தேறுவார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். "காய்ச்சல் விட்டிட்டுது, ஆனா ஆள் அந்தரப்படுறார்" என்றால் உடனே ஆஸ்பத்திரி. விடாத வயிற்று நோ, தொடர் சத்தி, முரசிலிருந்து இரத்தம், கறுத்த மலம், கைகால் குளிர்வது, சலம் குறைவது, எல்லாம் அதே கணக்கு. வயல் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் எலிக்காய்ச்சலையும் நினைவில் வையுங்கள்: கெண்டைக்கால் தொடமுடியாத நோ, கண் சிவப்பு. கந்தளாய், மூதூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஃப்ளூவுக்கென்று ஒரு விரைவுப் பரிசோதனை இருக்கிறது, மூக்கில் குச்சி விட்டு எடுப்பது. இருக்கிறது என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். இல்லை என்று வந்தால் முழுவதும் நம்ப முடியாது. நிச்சயமாகச் சொல்வது பீ.சி.ஆர். நாட்டில் எந்த வகை பரவுகிறது என்று பார்க்கிற தேசிய நிலையம் கொழும்பு பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம். வீட்டில் படுத்திருக்கிற எல்லோருக்கும் பீ.சி.ஆர். தேவையில்லை.

இப்போது அந்தக் குளிசைப் பொட்டலம். இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் நான் அதிகம் கோபப்பட்டது இதில்தான்.

ஒருநாள் திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து கடலுக்குப் போகிற ஒருவர் ஒரு சின்னக் கடதாசி உறையைக் கொண்டுவந்து, "ஐயா, இது நாலு நாளாப் போடுறன், சத்திதான் வருது" என்று ஜன்னலில் வைத்தார். மருந்து எண்ணுகிற தட்டில் கொட்டினேன். பெயர் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் குளிசைகள். பெரிய வெள்ளை வட்டம், பரசிற்றமோல். இன்னொரு நீட்டுக் குளிசை, தடிமனுக்கென்று விற்கிற கூட்டு மருந்து; அதற்குள்ளும் பரசிற்றமோல் 500 மில்லிகிராம். சின்ன மஞ்சள், மூக்கோட்டத்துக்குக் கொடுக்கிற பிரிட்டோன். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கூடு, அமொக்சிலின் என்ற அன்டிபயோட்டிக். மெழுகு பூசிய சின்னக் குளிசை ஒன்று, டைக்ளோபினாக், நோவுக்கு. மனிதர் வெள்ளையில் இரண்டு, நீட்டில் இரண்டு, மூன்று வேளை போட்டிருக்கிறார். கணக்குப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 12 குளிசை, 6 கிராம் பரசிற்றமோல். வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராமில் 8 குளிசை, அதுதான் எல்லை. மெலிந்தவருக்கும் குடிக்கிறவருக்கும் அதிலும் குறைவு. அதைத் தாண்டினால் ஈரல் பழுதாகும். அவருடைய சத்திக்குக் காரணம் காய்ச்சலா குளிசையா என்று தெரியாமல் வார்ட்டுக்குத்தான் அனுப்பவேண்டி வந்தது.

ஆகவே கணவரின் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றும் என்னவென்று எழுதி வாங்குங்கள். சொல்ல மாட்டோம் என்றால் அந்தப் பொட்டலத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை டைக்ளோபினாக், இபுபுரூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஒன்றும் வேண்டாம். அவை வயிற்றையும் இரத்தம் உறைவதையும் குழப்பும். இருதயத்துக்கென்று டொக்டர் தினமும் அஸ்பிரின் எழுதியிருந்தால் அதைத் தாமாக நிறுத்தாமல் கேட்க வேண்டும். பிள்ளைக்கு அஸ்பிரின் எந்தக் காய்ச்சலுக்கும் கொடுக்கக் கூடாது. ஃப்ளூவோடு அது சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்குகிற ஒரு அரிய நோய் வரலாம்.

அன்டிபயோட்டிக்? ஃப்ளூ வைரஸுக்கு அமொக்சிலின் ஒன்றும் செய்யாது. மேலுக்குப் பக்டீரியா வந்து நியூமோனியா ஆகிற போதுதான் அதற்கு வேலை. நாலு நாளில் காய்ச்சல் தானே இறங்க, அன்டிபயோட்டிக்தான் இறக்கியது என்று நாங்கள் நம்பிக்கொள்கிறோம். கணவருக்கு அதை டொக்டர் பார்த்து எழுதவில்லை என்பதால், இன்றைக்கு இரத்தம் பார்க்கப் போகும்போது "இது எனக்குத் தேவையா" என்று நேரே கேளுங்கள். மிஞ்சியதை மகளுக்குப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மகளுக்குப் பரசிற்றமோல் பாணி நிறையைப் பார்த்துத்தான். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. போத்தலில் 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் 16 கிலோ பிள்ளைக்கு ஒரு தரத்துக்கு 10 மில்லிலீட்டர். குசினித் தேக்கரண்டியால் அளக்காதீர்கள். என் வீட்டில் இருந்த மூன்று தேக்கரண்டியை ஒருமுறை சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அளந்து பார்த்தேன், மூன்றும் மூன்று விதம். பார்மசியில் ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

இதோடு ஓய்வு, நீராகாரம். கஞ்சி, இளநீர், ஜீவனி என்கிற உப்புச் சீனிக் கரைசல், சூப், மல்லித் தண்ணி, பிள்ளை எதைக் குடிக்குமோ அது. வளர்ந்தவருக்கு நாளைக்கு இரண்டரை லீட்டர் அளவில் பிரித்துப் பிரித்து. டெங்கு சந்தேகம் இருக்கும் வரை சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். சத்தி எடுத்தால் அது இரத்தமா சோடாவா என்று தெரியாது. மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. தொண்டைக்கு இதம், தண்ணீரும் உள்ளே போகும். வைரஸைக் கொல்லும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக் கூடாது. வேது பிடிப்பதும் பெரியவர்களுக்குப் பரவாயில்லை. நாலு வயதுப் பிள்ளையைக் கொதி தண்ணீர்ச் சட்டிக்குக் கிட்ட வைக்காதீர்கள். அவிந்த கையோடு வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். காய்ச்சல் தணியக் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஏழு கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றினாலும் வைரஸ் கழுவுப்படாது, ஆனால் வரிசையில் பக்கத்தில் நிற்கிறவருக்கு நீங்கள் தாராளமாகக் கொடுத்துவிட்டு வருவீர்கள் என்றேன். கோபித்துக்கொண்டு போனார்.

அடுத்தது ஃப்ளூவுக்கு என்றே இருக்கிற மருந்து. அதைச் சொல்ல வைரஸைப் பற்றி ஒரு பத்தி வேண்டும். ஏ, பீ என்ற இரண்டு வகைதான் வருஷா வருஷம் எங்களைப் படுக்க வைப்பவை. ஏ வகையில் எச்1என்1, எச்3என்2 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எச் என்பதைத் தூண்டில் கொழுக்கி என்று வையுங்கள். தொண்டை, மூச்சுக்குழாய்ச் செல்லில் அது கொழுவித்தான் உள்ளே போகும். உள்ளே பெருகின புது வைரஸ் வெளியே வரும்போது அதே செல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒட்டை அறுத்துவிடுகிற கத்தி என். ஒசெல்டமிவிர் என்ற மருந்து அந்தக் கத்தியை மழுங்கடிக்கிறது. அறுபட்டுப் பரவ முன் மழுங்கடித்தால்தான் லாபம். கோடிக்கணக்கில் பரவின பிறகு லாபம் குறைவு. 48 மணித்தியாலம் என்று தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான். கடும் நோயாளிக்கு அதற்குப் பிறகும் டொக்டர்மார் தொடங்குவார்கள்.

சுகதேகியான உங்கள் கணவருக்கு அது அவசியம் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு நேரமும் தாண்டிவிட்டது. உங்களுக்கும் மாமிக்கும் கதை வேறு. கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று இரண்டு கிழமைக்குள் இருக்கிறவர்கள், 65 தாண்டியவர்கள், 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அதிலும் 2 வயதுக்குக் கீழே, சீனி வருத்தம், தொய்வு, இருதயம், சிறுநீரகம், அளவுக்கு மிஞ்சின பருமன், இவர்கள் காய்ச்சல் தொடங்கிய அன்றே டொக்டரிடம் போக வேண்டும். "நாலு நாள் பார்ப்பம்" என்ற பேச்சே இல்லை. உங்களுக்குத் தொண்டை கரகரத்துக் காய்ச்சல் தொடங்கினால் ஓ.பீ.டி. என்கிற வெளிநோயாளர் பிரிவில் சொல்லவேண்டிய முதல் வசனம்: "ஐந்து மாதம், வீட்டில் இரண்டு பேருக்கு ஃப்ளூ மாதிரிக் காய்ச்சல், எனக்கு இத்தனை மணிக்குத் தொடங்கியது." கர்ப்பிணிக்கு ஃப்ளூ சந்தேகம் என்றால் பரிசோதனை வரும்வரை காத்திராமல் ஒசெல்டமிவிர் தொடங்குவதுதான் முறை. நீங்களாக வாங்கிப் போடுகிற மருந்தல்ல அது. மகளும் ஐந்து வயதுக்குள் என்பதால் அவளை நாளைக்கு வைக்காமல் இன்றைக்கே காட்டுங்கள்; அவளுக்கு 48 மணித்தியாலம் இன்னும் முடியவில்லை.

மாமிக்குக் காய்ச்சல் வந்தால் சீனி எகிறும். "சாப்பிடேல்லைத்தானே" என்று இன்சுலினை நிறுத்திவிட்டுப் படுப்பதுதான் எங்கள் ஆட்கள் செய்கிற பிழை. நிறுத்தாமல், குளுக்கோமீற்றரில் அடிக்கடி பார்த்து, கிளினிக் கொப்பியோடு டொக்டரிடம் கேட்க வேண்டும். சத்தி இருந்தால் மெட்போமின் என்ற சீனிக் குளிசையைப் பற்றியும் கேளுங்கள். தொய்வுக்கு இழுக்கிற மருந்து கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். முடிந்துபோயிருக்கிறதா என்று இப்போதே ஒருதரம் பாருங்கள்.

ஆபத்துக் குறிகளில் மூச்சுத்தான் முதல். பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள், அரை நிமிஷம் எண்ணி இரட்டிக்காமல். 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு. 2 மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, அதற்கும் சின்னக் குழந்தைக்கு 60. விலா உள்ளே இழுபடுவது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடப்பது, 8 மணித்தியாலமாகச் சலம் போகாதது, இவற்றில் ஒன்று கண்டால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பெரியவர்களுக்கு மூச்செடுக்கக் கஷ்டம், நெஞ்சு நோ, புத்தி தடுமாறிக் கதைப்பது.

இன்னொரு குறியை என் வீட்டிலேயே கோட்டை விட்டேன். ஒரு மார்கழியில் எனக்குக் காய்ச்சல். ஜன்னலில் ஆள் இல்லை என்று இரண்டாம் நாளே பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் நின்றேன். எத்தனை பேருக்குக் கொடுத்தேனோ தெரியாது, வீட்டில் அப்பாவுக்குக் கொடுத்தது மட்டும் தெரியும். அவர் தொய்வுக்காரர். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, இடியப்பம் கேட்டுச் சாப்பிட்டார். ஆறாம் நாள் பின்னேரம் திரும்பவும் நடுக்கம், மஞ்சள் சளி. பழைய காய்ச்சலின் வால் என்று நினைத்து ஒருநாள் வீணாக்கினோம். நியூமோனியா, இரண்டு கிழமை வார்ட்டில். மாறி வந்த ஆளுக்குத் திரும்பக் காய்ச்சலும் இருமலும் கூடினால் அது வால் அல்ல, புதுத் தலை. மருந்து தெரிந்தவன் நான், எனக்கே அன்றைக்கு விளங்கவில்லை. அதனால்தான் கலண்டர், கலண்டர் என்று கத்துகிறேன்.

உங்களுக்கு வராமல் பார்ப்பதற்கு வருவோம். ஒருவர் காய்ச்சலுக்கு ஒருநாள் முன்னிருந்தே வைரஸைப் பரப்பத் தொடங்கி 5 முதல் 7 நாள் வரை பரப்புவார். பிள்ளைகள் இன்னும் கூடுதலாக. ஆகவே உங்களுக்கு ஏற்கனவே தொற்றியிருக்கலாம், தொற்றாமலும் இருக்கலாம். கணவரும் மகளும் ஒரு அறையில், நீங்களும் மாமியும் வேறு அறையில் படுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், நுளம்புக்குப் பயந்தால் வலையைப் போடுங்கள், ஜன்னலைச் சாத்தாதீர்கள். மகளைக் கணவர் பார்க்கட்டும், அவருக்கு ஏற்கனவே வந்துவிட்டதுதானே. நீங்கள் அவளைத் தூக்கத்தான் வேண்டும் என்றால் மாஸ்க் போட்டுத் தூக்குங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்புத் தோல். சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். கதவுப் பிடி, ரிமோட், போன் மாதிரி வழுவழுப்பான சாமான்களில் ஒரு நாள் இரண்டு நாள் உயிரோடு இருக்கும், அதையும் துடையுங்கள். காய்ச்சல் மருந்து போடாமலே காய்ச்சல் விட்டு 24 மணித்தியாலம் போன பிறகு கணவர் வேலைக்குப் போகலாம், பிள்ளை நேர்சரிக்குப் போகலாம். அதற்கு முன் ரியூசனும் கோயிலும் பள்ளியும் கல்யாண வீடும் இல்லை.

கடைசியாக ஊசி. இது எங்கள் தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்; அதனால்தான் மிட்வைஃப் அதைப் பற்றி உங்களிடம் கதைத்திருக்க மாட்டார். கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை கொடுத்துப் போடவேண்டிய ஊசி என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, எந்த மாதத்திலும் போடலாம். ஊசியில் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள், அதனால் ஃப்ளூ வராது. கை நோவும் ஒருநாள் இலேசான காய்ச்சலும் வரலாம். தாய்க்கு உண்டாகிற எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போய், பிறந்த முதல் மாதங்களில் காக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது என்பதால் அதற்குக் கிடைக்கிற காவல் இதுதான்.

போட்டாலும் வருகிறதே என்பார்கள். வரும். வகை நன்றாகப் பொருந்துகிற வருஷத்திலேயே டொக்டரிடம் போகவேண்டிய அளவு ஃப்ளூவை 40 முதல் 60 வீதம்தான் அது குறைக்கிறது. வந்தாலும் கடுமை குறையும் என்பதுதான் மாமி மாதிரி ஆட்களுக்குப் பெரிய விஷயம். கொழுக்கியின் வடிவத்தை இந்த வைரஸ் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும். அதனால்தான் பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் உலக சுகாதார நிறுவனம் கூடி அடுத்த ஊசியில் எதைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கிறது. அதனால்தான் வருஷத்துக்கு ஒருதரம் போடவேண்டியிருக்கிறது. பீ வகையில் யமகாட்டா என்ற ஒரு கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. நாலு வகைக்கு இருந்த ஊசி திரும்ப மூன்று வகைக்கு வந்திருப்பது அதனால். பார்மசியில் மூன்று வகை ஊசியைத் தந்தால் பழைய சரக்கு என்று சண்டை பிடிக்காதீர்கள், திகதியைப் பாருங்கள்.

கிண்ணியா, மூதூரிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ஜெலட்டினைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பன்றி ஜெலட்டின் இருப்பது மூக்கில் விசிறுகிற வகையில். கையில் போடுகிற ஊசி வாங்கும்போது பெட்டிக்குள் இருக்கிற துண்டை ஒருதரம் வாசிக்கச் சொல்லுங்கள்.

எப்போது போடுவது? இலங்கையில் ஃப்ளூ இரண்டு தரம் தலைதூக்கும்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொன்று. இரண்டாவது எங்கள் வாடைக்கால மழையோடு வருவது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற காலம். ஊசி வேலை செய்ய இரண்டு கிழமை பிடிக்கும், அதைக் கழித்து முன்கூட்டியே போடுங்கள். உங்களுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. வீட்டுக் கலவரம் அடங்கியதும் கிளினிக்கில் கேட்டுவிட்டு உங்களுக்கும் மாமிக்கும் போடலாம். மாமிக்கு நியூமோனியா ஊசியைப் பற்றியும் கேளுங்கள். மகளுக்கு முதல் தரம் என்றால் 4 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி. ஒன்று கவனம்: ஊசியை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். பார்மசியில் வாங்கி, ஹேண்ட்பேக்கில் போட்டு, பகல் வெயிலில் ஓட்டோவில் டொக்டரிடம் கொண்டுபோனால் நீங்கள் போடுவது தண்ணீர். பிரீசரில் வைத்தாலும் பழுது. வைத்திருக்கிற இடத்திலேயே போடுங்கள்.

பெயரைப் பற்றி ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். ஃப்ளூவின் முழுப் பெயரான இன்புளுவென்சா என்பது இத்தாலியச் சொல்; "செல்வாக்கு" என்று பொருள். கிரகங்களின் செல்வாக்கால் வருகிற காய்ச்சல் என்று அந்தக் காலத்து இத்தாலியர் நினைத்தார்களாம். மாமி உங்களிடம் "கிரகம் சரியில்லை, அதுதான் வீடே படுத்துக்கிடக்கு" என்று சொன்னால் சிரிக்காதீர்கள், ஐரோப்பாவும் அப்படித்தான் சொன்னது. மனிதரிலிருந்து இந்த வைரஸைப் பிரித்தெடுத்தது 1933இல்தான். 1918இல் குறைந்தது 5 கோடிப் பேர் செத்தபோது எந்தக் கிருமி என்றே உலகத்துக்குத் தெரியாது.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது: கலண்டரில் எழுதுங்கள், குளிசை உறையை ஒரு பையில் போடுங்கள், கணவரும் மகளும் மாஸ்க் போட்டுக்கொண்டு ஓ.பீ.டி.க்குப் போகட்டும். நீங்கள் கூடப் போய் வரிசையில் நிற்க வேண்டாம். போகும்போது இரண்டு பேரும் கஞ்சியைக் குடித்துவிட்டே போகட்டும். எப்.பீ.சி.க்கு வெறும் வயிறு தேவையில்லை, சீனி பார்க்கிற மாதிரி என்று நினைத்துக் காய்ச்சல்காரரைப் பட்டினி போட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.